பெயரின்றி எண்ணப்பட்டோர்: அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடும்ப வரலாற்றுத் தேடலும் திருச்சபைப் பதிவேடும்

பாபிலோனியச் சிறையிருப்பினின்று எருசலேமுக்குத் திரும்பியோரின் பட்டியல் எஸ்றாவின் நூல் இரண்டாம் அதிகாரத்தில் இடம்பெற்றுள்ளது. அப்பட்டியலில் நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. ஆசாரியர் வழிவந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடினர், அது கிடைக்கவில்லை, ஆகவே அவர்கள் ஆசாரிய ஊழியத்தினின்று விலக்கப்பட்டனர். அவர்கள் பொய்யுரைத்தனர் என்று நூலாசிரியர் கூறவில்லை. ஏட்டில் பெயர் காணப்படவில்லை என்பதே அவர் தரும் காரணம். எழுதப்பட்ட பெயர் ஒன்று இல்லாமையால் ஒருவர் தம் மரபுரிமையை இழக்கக்கூடும் என்பதற்குத் திருமறை தரும் தெளிவான சான்று இது.

அடிமைகளாக வாழ்ந்த முன்னோரின் வழிவந்த அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் குடும்ப வரலாற்றைத் தேடப் புகும்போது இந்நிலையையே எதிர்கொள்கின்றனர். அந்நாளில் அவ்வேடு எவ்வாறு காணாமற்போயிற்று என்பதை நாம் அறியோம். அமெரிக்காவிலோ பெயர்கள் எழுதப்படாமற் போனது எவ்வாறு என்பதை ஆண்டு வாரியாக அறிய இயலும். அரசின் குடிக்கணக்கு, மாநிலங்களின் தனிக் கணக்கு, பிறப்பு இறப்புப் பதிவு, திருச்சபை ஏடு ஆகிய நான்கையும் இத்தேடலின் வழிநின்று நோக்குவதும், சபையின் பதிவேட்டைப் பேணும் ஆயர்களுக்கு இவ்வரலாறு உணர்த்தும் பொறுப்பை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அரசின் குடிக்கணக்கு

பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களை எண்ணவேண்டும் என்பது 1787ஆம் ஆண்டு வரையப்பெற்ற அமெரிக்க அரசியல் சட்டத்தின் விதி. பிரதிநிதிகள் சபையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் எத்தனை இடங்கள் என்பதை முடிவு செய்வதற்கே இக்கணக்கு வேண்டப்பட்டது. அதன்பொருட்டு அடிமைகளின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கை மட்டும் சேர்த்துக்கொள்வது என இணக்கம் காணப்பட்டது. ஆகவே தொடக்கமுதலே அடிமை அரசின் ஏட்டில் எண்ணாகவே இடம்பெற்றார்.

முதற் கணக்கு 1790இல் எடுக்கப்பட்டது. அதுமுதல் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மனைவியரும் மக்களும் வெறும் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். 1850ஆம் ஆண்டுக் கணக்கில்தான் முதன்முறையாக ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டது. ஆனால் அது அடிமையல்லாதோருக்கு மட்டுமே உரியது. அடிமைகளுக்கெனத் தனி அட்டவணை வகுக்கப்பட்டது. அதன் முதல் வரைவில் அடிமையின் பெயரை எழுதவும் இடம் இருந்தது. தென் மாநிலச் செனட்டர்கள் எதிர்த்தமையால் அது நீக்கப்பட்டது. 1850, 1860 ஆகிய இரு கணக்குகளிலும் உடைமையாளரின் பெயர் எழுதப்பட்டு, அதன்கீழ் அடிமைகளின் வயது, பால், நிறம் ஆகியன மட்டும் வரிசையாகக் குறிக்கப்பட்டன. 1860இல் இவ்வாறு எண்ணப்பட்டோர் ஏறத்தாழ 39.5 இலட்சம் பேர்.

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. எனவே 1870ஆம் ஆண்டுக் கணக்கே விடுதலை பெற்ற மக்கள் அனைவரையும் பெயர்சொல்லி எழுதிய முதற்கணக்காகும். குடும்ப வரலாறு தேடுவோர் இவ்வாண்டை ஒரு சுவர் என்றே குறிப்பிடுவர். இன்று வாழ்பவரிலிருந்து தொடங்கி, பெற்றோர், பாட்டன் பாட்டி எனப் பின்னோக்கிச் சென்றால் 1870 வரை ஏடுகள் வழிகாட்டும். அதற்கு அப்பால் பெயர்கள் மறைந்துவிடுகின்றன.

இச்சுவரைக் கடப்பதற்கு ஆய்வாளர் கையாளும் முறை கடினமானது. 1870இல் ஒரு குடும்பம் வாழ்ந்த மாவட்டத்தில் அண்டை அயலாக இருந்த வெள்ளை நிலக்கிழார்கள் யாவர் என முதலில் பார்ப்பர். அவர்களுடைய 1860ஆம் ஆண்டு அடிமை அட்டவணையில் அக்குடும்பத்தாரின் வயதுக்கும் பாலுக்கும் ஒத்த குறிப்புகள் உளவா என ஒப்பிடுவர். பின்னர் அந்நிலக்கிழாரின் உயில், அவர் இறந்தபின் எடுக்கப்பட்ட சொத்துப் பட்டியல், விற்பனைப் பத்திரம் ஆகியவற்றைத் தேடுவர். குடிக்கணக்கு மறுத்த பெயர் அச்சொத்துப் பட்டியலில் கிடைப்பதுண்டு. மாடு, ஏர், கட்டில் ஆகியவற்றோடு ஒரு தாயின் பெயரும் அவளுக்கு மதிப்பிடப்பட்ட விலையும் அதில் எழுதப்பட்டிருக்கும். மனிதராக எண்ணியபோது எழுதாத பெயரை உடைமையாக மதிப்பிட்டபோது எழுதினர். தம் பாட்டியின் பாட்டியை முதன்முறையாக அத்தகைய பட்டியலில் கண்டெடுப்பவர், ஆய்வின் வெற்றியையும் அவமானத்தின் வேதனையையும் ஒரே வரியில் வாசிக்கிறார்.

2. மாநிலங்களின் தனிக் கணக்கு

கூட்டாட்சி அரசின் கணக்கோடு, பல மாநிலங்கள் தத்தம் தேவைக்கென இடைப்பட்ட ஆண்டுகளில் தனிக் கணக்கும் எடுத்தன. குடும்ப வரலாற்றுத் தேடலில் இவற்றின் பயன் பெரிது. நியூயார்க் மாநிலத்தின் 1855ஆம் ஆண்டுக் கணக்கு, ஒவ்வொருவரும் எந்த மாவட்டத்தில் பிறந்தார், அவ்வூரில் எத்தனை ஆண்டுகளாக வாழ்கிறார் என வினவியது. அயோவா மாநிலம் 1925இல் எடுத்த கணக்கு, பெற்றோரின் பெயர்களையும் தாயின் பிறந்தகத்துக் குடும்பப் பெயரையும் கேட்டு எழுதியது.

விடுதலை பெற்ற மக்களைப் பொறுத்தமட்டில் அலபாமா மாநிலத்தின் 1866ஆம் ஆண்டுக் கணக்கு சிறப்பிடம் பெறுகிறது. போர் முடிந்த மறு ஆண்டிலேயே எடுக்கப்பட்ட அக்கணக்கில் கறுப்பினக் குடும்பத் தலைவர்களின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. குடும்பத்தின் ஏனையோர் வயது வாரியாக எண்ணப்பட்டனரே அன்றிப் பெயர் பெறவில்லை. ஆயினும் 1870க்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக ஒரு பெயர் கிடைப்பது தேடுவோருக்குப் பேருதவியாகும்.

கான்சாஸ் மாநிலத்தின் கணக்குகள் வேறொரு வகையில் துணைபுரிகின்றன. தென் மாநிலங்களில் வன்முறையும் வறுமையும் மிகுந்தபோது, 1879ஆம் ஆண்டு ஆயிரக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் கான்சாசுக்குக் குடிபெயர்ந்தன. இஸ்ரவேலரின் புறப்பாட்டை நினைந்து அவர்கள் தங்கள் பயணத்துக்கும் அப்பெயரையே சூட்டிக்கொண்டனர். 1875 முதலாகக் கான்சாஸ் எடுத்த கணக்குகளில், எவ்விடத்திலிருந்து இம்மாநிலத்துக்கு வந்தீர் என்னும் கேள்வி இடம்பெற்றது. பிறந்த மாநிலமும் புறப்பட்டு வந்த மாநிலமும் வேறாயிருக்குமாயின், இடையில் அக்குடும்பம் விற்கப்பட்டோ இடம்பெயர்ந்தோ இருத்தல் கூடும் என்று ஆய்வாளர் ஊகிக்க இயலும். மேலும் 1890ஆம் ஆண்டுக் கூட்டாட்சிக் கணக்கின் பெரும்பகுதி 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தால் அழிவுற்றது. ஆகவே 1880க்கும் 1900க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் ஒரு குடும்பத்தைப் பின்தொடர, கான்சாசின் 1885, 1895ஆம் ஆண்டுக் கணக்குகளைப் போன்றவையே துணை.

இக்கணக்குகளைக் கையாள்வதில் எச்சரிக்கை தேவை. கணக்கெடுப்பவர் தம் செவிக்கு எட்டியவாறு பெயரை எழுதினார். வயது பத்து ஆண்டுகளில் பதினைந்து கூடுவதும் எட்டுக் கூடுவதும் உண்டு. விடுதலை பெற்றவர்களிற் சிலர் பழைய உடைமையாளரின் குடும்பப் பெயரை ஏற்றனர். வேறு சிலர் அதனை வெறுத்துப் புதுப்பெயர் பூண்டனர். எனவே ஒரே ஏட்டை நம்பி முடிவுக்கு வருதல் தகாது. பல ஏடுகளின் சான்று ஒன்றையொன்று தாங்கி நிற்றல் வேண்டும்.

3. பிறப்பு இறப்புப் பதிவு

பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை மாநிலம் முழுவதுக்கும் ஒருசேரப் பதிவு செய்யும் முறையை மாசசூசெட்ஸ் 1841இல் தொடங்கியது. தென் மாநிலங்கள் பல இதில் மிகவும் பிந்தின. அலபாமாவில் 1908இலும், மிசிசிப்பியில் 1912இலும், தென் கரோலினாவில் 1915இலும், ஜார்ஜியாவில் 1919இலும் நிலையான பதிவுமுறை வந்தது. நாட்டின் எல்லா மாநிலங்களும் தேசியப் பதிவு அமைப்புக்குள் வந்தது 1933இல்தான்.

பிந்தி வந்த இப்பதிவும் தேடுவோருக்குப் பயன்தருகிறது. 1850களில் அடிமையாகப் பிறந்து 1920களில் முதுமையடைந்து இறந்தவரின் இறப்புச் சான்றிதழில், அவருடைய தந்தை, தாய் ஆகியோரின் பெயருக்கும் இடம் உண்டு. குடிக்கணக்கில் ஒருபோதும் பெயர் பெறாத ஒரு தாய், தன் மகனுடைய இறப்புச் சான்றிதழில் முதன்முறையாகப் பெயர் பெறுகிறாள். எனினும் அப்பெயரைச் சொல்பவர் இறந்தவரின் மகனோ மருமகளோ அயலாரோ ஆவர். சிறு வயதிலேயே விற்றுப் பிரிக்கப்பட்டவரின் தாயின் பெயரை அவர்கள் எங்ஙனம் அறிவர்? அந்த இடத்தில் 'தெரியாது' என்னும் ஒரு சொல்லே எழுதப்பட்ட சான்றிதழ்கள் மிகப் பல.

ஏடு எழுதுபவர் நினைத்தால் ஒரு மக்களினத்தையே ஏட்டினின்று நீக்கிவிட இயலும் என்பதற்கும் இத்துறையில் சான்று உண்டு. வர்ஜீனியா மாநிலத்தின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்கு 1912 முதல் 1946 வரை தலைவராயிருந்தவர் வால்டர் பிளெக்கர் என்னும் மருத்துவர். 1924இல் இயற்றப்பட்ட இனத்தூய்மைச் சட்டத்தைக் கருவியாகக் கொண்டு, வர்ஜீனியாவில் தூய பழங்குடியினர் எவரும் எஞ்சியிருக்கவில்லை என அவர் முடிவு செய்தார். பழங்குடியினர் எனப் பதிவு செய்யப்பட்டோரைக் கறுப்பினத்தவர் எனக் குறிக்குமாறு பணித்தார். பழைய சான்றிதழ்களிலும் திருத்தக் குறிப்புகளைச் சேர்த்தார். 1943இல் ஐயத்துக்குரிய குடும்பப் பெயர்களை மாவட்ட வாரியாகப் பட்டியலிட்டு அலுவலர்களுக்குச் சுற்றறிக்கையும் அனுப்பினார். நாட்டின் உச்ச நீதிமன்றம் 1967இல் கலப்புத் திருமணத் தடையைச் செல்லாததாக்கியது. ஆயினும் பிளெக்கரின் எழுத்தால் நேர்ந்த கேடு உடனே தீரவில்லை. தாங்கள் தொடர்ந்து வாழ்ந்துவரும் மக்கள் என்பதை ஏடுகளால் மெய்ப்பிக்க இயலாமல், வர்ஜீனியாவின் பழங்குடிகள் பல ஆண்டுகள் அலைந்தனர். அவற்றுள் ஆறு குழுக்களுக்குக் கூட்டாட்சி அரசின் ஏற்பு 2018 ஜனவரியில் தனிச் சட்டத்தின் வாயிலாகவே கிடைத்தது.

4. திருச்சபையின் ஏடுகள்

இவ்வரலாற்றில் திருச்சபை நின்ற இடம் எது? விடை இருபுறமும் கூர்மையுடையது. திருமுழுக்குப் பெற்ற ஒருவரை அடிமையாக வைத்திருத்தல் தகுமோ என்னும் ஐயம் எழுந்தபோது, திருமுழுக்கு ஒருவரின் அடிமை நிலையை மாற்றாது என 1667ஆம் ஆண்டு வர்ஜீனியச் சட்டமன்றம் விதித்தது. உடைமையாளர்கள் அச்சமின்றித் தம் அடிமைகளுக்குத் திருமுழுக்கு அளிக்க முன்வரவேண்டும் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்று கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தை வாசித்த சபை, இவ்விதியோடு ஒத்துப்போயிற்று.

அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. இணையரை மரணம் பிரிக்கும் வரை என்று சொல்லவேண்டிய இடத்தில், மரணமோ தொலைவோ பிரிக்கும் வரை என்று மாற்றிச் சொல்லி மணமுடித்து வைத்த போதகர்களும் இருந்தனர். விடுதலைக்குப்பின் 1866இல் வர்ஜீனியா, வட கரோலினா முதலிய மாநிலங்கள் அத்திருமணங்களை ஏற்றுப் பதிவு செய்ய வழிவகுத்தன. வட கரோலினாவில் பதிவுக் கட்டணம் 25 சென்ட். கையில் ஏதுமற்ற மக்கள் அதனைச் செலுத்தித் தங்கள் இல்வாழ்க்கையைப் பதிவு செய்துகொண்டனர். கணவன், மனைவி இருவர் பெயரும் அவர்கள் கூடிவாழத் தொடங்கிய காலமும் அவ்வேடுகளில் உள்ளமையால், 1870இன் சுவரைத் தாண்ட அவை உதவுகின்றன.

சிதறிய குடும்பங்களைச் சேர்ப்பதில் கறுப்பினத் திருச்சபைகள் ஆற்றிய பணி நம் கருத்துக்குரியது. ரிச்சர்டு ஆலன் தலைமையில் 1816இல் அமைந்த ஆப்பிரிக்க மெதடிஸ்டு எப்பிஸ்கோப்பல் சபையின் இதழ் 'கிறிஸ்டியன் ரிக்கார்டர்.' போருக்குப்பின் அவ்விதழில், பிரிந்துபோன தாயையும் மகனையும் தேடி மக்கள் அறிவிப்பு வெளியிட்டனர். நியூ ஆர்லியன்சிலிருந்து மெதடிஸ்டு சபையார் வெளியிட்ட 'சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட்' இதழிலும் 1870களின் பிற்பகுதியிலிருந்து இதற்கெனத் தனிப்பகுதி இருந்தது. தேடுவோர் தம் தாயின் பெயர், உடன்பிறந்தோர் பெயர், விற்றவர், வாங்கியவர், கடைசியாகக் கண்ட இடம் ஆகியவற்றை நினைவிலிருந்து எழுதினர். அவ்வறிவிப்புகளைப் பிரசங்க பீடத்திலிருந்து வாசிக்குமாறு போதகர்கள் வேண்டப்பட்டனர். எழுத்தறியாத மக்கள் நிறைந்த சபைகளில், காணாமற்போன உறவினரின் பெயர்கள் ஆராதனைவேளையில் உரக்க ஒலித்தன. அரசு எழுத மறுத்த குடும்ப வரலாற்றை மக்களின் நினைவும் திருச்சபையின் குரலும் காத்தன. இன்றைய ஆய்வாளர்களுக்கு அவ்விதழ்கள் அரிய ஆவணங்கள்.

சபையின் ஏடு சபையின் மீதே குற்றஞ்சாட்டுவதும் உண்டு. 1838ஆம் ஆண்டு மேரிலாந்தின் இயேசு சபைத் துறவியர் தங்களிடமிருந்த 272 அடிமைகளை லூசியானாவிலுள்ள தோட்டங்களுக்கு விற்க ஒப்பந்தம் செய்தனர்; பெற்ற பணத்தின் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனைத் தீர்க்கப் பயன்பட்டது. விற்பனைப் பட்டியலிலும், கப்பல் ஏட்டிலும், இரு மாநிலங்களின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளிலும் அம்மக்களின் பெயர்கள் இருந்தன. 2015 முதல் நிகழ்ந்த ஆய்வில் அப்பெயர்களைப் பின்பற்றி ஆயிரக்கணக்கான வழித்தோன்றல்கள் இனங்காணப்பட்டனர். 2017 ஏப்ரலில் நடைபெற்ற வழிபாட்டில் இயேசு சபையாரும் பல்கலைக்கழகமும் அவர்கள் முன்னிலையில் மன்னிப்பு வேண்டினர். யாரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பதை அறியச் செய்தது பழைய பதிவேடே.

5. தேடலும் உண்மையும்

அலெக்ஸ் ஹேலி எழுதிய 'ரூட்ஸ்' என்னும் நூல் 1976இல் வெளிவந்தபின், கறுப்பின மக்களிடையே இத்தேடல் பேரியக்கமாகப் பரவியது. வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் குடிக்கணக்கின் மைக்ரோபிலிம் சுருள்களில் தம் முன்னோரின் பெயரைக் கண்டதே தம் தேடலுக்கு வித்திட்டது என்று ஹேலி கூறினார். ஆயினும் கேரி மில்ஸ், எலிசபெத் மில்ஸ் என்னும் ஆய்வாளர்கள் அவர் காட்டிய ஆவணங்களை மறுபடியும் ஆராய்ந்து, அடிமைக் காலத்து வழிமுறையை அவை நிறுவவில்லை என 1981இல் எழுதினர். பறிக்கப்பட்ட பெயரை மீட்கும் ஆர்வம் நியாயமானது. ஆனால் ஏடு சொல்லாததை ஏட்டின் பெயரால் சொல்வது அம்மக்களுக்கு மீண்டும் ஒருமுறை இழைக்கும் அநீதியாகும். முடிவற்ற வம்ச வரலாறுகளைக் குறித்துத் தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபம் தரும் எச்சரிக்கையையும் நாம் மறத்தலாகாது. குலப்பெருமைக்காக வம்சத்தைத் தேடுவது வேறு. மறுக்கப்பட்ட மனித மதிப்பை மீட்கத் தேடுவது வேறு.

இத்தேடலில் எதிர்பாராத இடங்களிலிருந்தும் துணை வந்துள்ளது. விடுதலை பெற்றோருக்கென 1865இல் தொடங்கப்பெற்ற சேமிப்பு வங்கி, கையொப்பமிட அறியாதோரை அடையாளம் காண்பதற்காக அவர்தம் பெற்றோர், உடன்பிறந்தோர், பழைய உடைமையாளர் ஆகியோரின் பெயர்களை எழுதி வைத்தது. 1874இல் வங்கி முறிந்தது. ஏழைகளின் சேமிப்பு அழிந்தது. ஏடுகள் மட்டும் எஞ்சின. அவற்றிலுள்ள நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்களுக்கு, யூட்டா மாநிலச் சிறையின் கைதிகள் தாமாக முன்வந்து பதினோர் ஆண்டுகள் உழைத்து அட்டவணை தயாரித்தனர். 2001இல் அது வெளியிடப்பட்டது. சிறையிலிருந்தோர் அடிமைத்தனத்திலிருந்தோரின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினர்.

6. நம் சபைகளின் பதிவேடு

அமெரிக்காவின் நிலையும் தமிழகத்தின் நிலையும் ஒன்றல்ல. எனினும் நம் நாட்டிலும் அடிமைமுறை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டமே அதற்குச் சட்டத்தின் துணை கிடையாது என்றது. நிலத்தோடு ஆட்களையும் விற்ற ஓலை ஆவணங்கள் தமிழிலும் உள்ளன. ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து கிறிஸ்துவிடம் வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு, முன்னோரின் பெயர் எழுதப்பட்ட மிகப் பழைய ஏடு ஏதோ ஒரு சேகரத்தின் ஞானஸ்நானப் பதிவேடாகவே இருத்தல் கூடும். சீகன்பால்கு 1707இல் தரங்கம்பாடியில் முதல் திருமுழுக்குகளை வழங்கிய காலந்தொட்டு ஆயர்களும் உபதேசியார்களும் எழுதிவந்த பெயர்கள் அவை.

ஆதலின் பதிவேடு எழுதுவதை அலுவலகச் சுமையென ஆயர் கருதுதல் ஆகாது. தந்தையின் பெயரோடு தாயின் பெயரையும் தவறாது எழுதவேண்டும். திருமுழுக்கில் புதுப்பெயர் சூட்டப்படுமாயின், முன்னிருந்த பெயரையும் ஊரையும் குறித்தல் நன்று. அடக்கப் பதிவில், உயிருடன் இருக்கும் முதியோரிடம் கேட்டு இறந்தவரின் பெற்றோர் பெயரையும் சேர்த்துவிடலாம். அடுத்த தலைமுறையில் அதனைச் சொல்ல ஆளிரார். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியுள்ளது. அச்சட்டத்துக்கு அஞ்சி நாம் காட்டும் கவனத்தைச் சட்டம் வற்புறுத்தாத ஏடுகளிலும் காட்டுதல் வேண்டும். கறையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகிவரும் பழைய ஏடுகளைப் படியெடுத்துப் பாதுகாக்கும் பணியைச் சேகர மன்றங்கள் மேற்கொள்ளலாம். இறையியல் மாணவர்கள் விடுமுறைக் காலத்தில் அதற்குத் துணைபுரியலாம். அவ்வேடுகளில் சாதிக் குறிப்பும் சபையின் பாகுபாடும் பதிவாகியிருக்குமாயின், அவற்றை அழித்துவிடவோ மறைத்துவிடவோ கூடாது. அவை நம் மனந்திரும்புதலுக்கான சான்றுகள்.

மத்தேயு தம் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் ஆண்டவருடைய வம்ச வரலாற்றை எழுதும்போது தாமாரையும் ராகாபையும் ரூத்தையும் விட்டுவிடவில்லை. உரியாவின் மனைவியைக் குறிப்பிட்டபோது தாவீதின் பாவத்தையும் மறைக்கவில்லை. நம் கையிலுள்ள பதிவேடும் அத்தகைய நேர்மையோடு எழுதப்படுமாயின், வருங்காலத்தில் தம் வம்ச அட்டவணையைத் தேடி வரும் எளிய குடும்பத்தார் வெறுங்கையராய்த் திரும்பமாட்டார்கள்.